வடிதாளின் நான்கு மூலைகள்

ஜூலை 7, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆவுடையப்பன் எப்படிப்பட்டவன் என்பதை எழுதி, கீழே என் பெயரையும் பட்டங்களையும் முழுதாகப் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று ஓர் இணையதளம் இருக்கிறதே, அதில் ஏற்றப் போகிறேன். அதற்கு ஒழுங்காகத் தயாராக வேண்டும் என்றுதான் இந்த நாட்குறிப்பு.

இன்று எஸ்தரின் ஆய்வுக் குழு கூடியது. என்னிடம் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறவள். கணவருக்கு சமாதானபுரத்தில் பேக்கரி. பெண் மூன்றாவது படிக்கிறது. பதிவுக் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. ஆய்வேட்டைக் கொடுக்க அனுமதி கேட்டு நின்றாள்.

குழுத் தலைவர் தேவசகாயம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிரமநாயகம், உங்க பிள்ளை தப்பாச் செஞ்சிருக்கான்னு நான் சொல்ல வரல. ஆனா ஆவுடையப்பனோட ஃபில்டர் பேப்பர்ல செல்லு பிழைக்கி. இவ பேப்பர்ல சாவுது. ஒரே மருந்து, ஒரே செல்லு. ரெண்டுல ஒண்ணுதானய்யா நெசம்?"

"அப்ப அவர் செஞ்சதத்தான் சந்தேகப்படணும்."

"அவரு கட்டுரைய உலகம் பூரா எடுத்துக் காட்டுதாங்க. காரணம் சொல்லாம இந்தப் பிள்ளைய மேல அனுப்ப முடியாது. அவரு லேபுக்கே போயி, அவரு முன்னால, அவரு பேப்பர்ல ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு வரட்டும். மாசக் கடைசில மறுபடி கூடுவோம். அவரே வெளி உறுப்பினரா வாராரு."

காரணம் கிடைக்காவிட்டால்? அவர் சொல்லவில்லை. எஸ்தர் கேட்கவும் இல்லை. ஆறு வருடமும் போனதுதான்.

வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எதிர் வீட்டுக்காரர் வழக்கம்போல வயரைக் குறை சொன்னார். அவரை நான் எதுவும் கேட்கவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

கட்டுரையை எழுதினால் முதலில் இதை விளக்க வேண்டியிருக்கும். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு மருந்து புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுமா என்று பார்க்க, செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். தட்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். அதோடு தட்டில் செல்கள் தரையில் சிந்திய மாவு போலப் பரவிக் கிடக்கும். உடம்புக்குள் கட்டி அப்படி இருப்பதில்லை. அதனால் வடிதாளை எடுத்துக்கொள்கிறோம். வேதியியல் கூடத்தில் கரைசல் வடிகட்டும் அதே தாள். அதில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற மாதிரி துணித் திரை வைத்து மெழுகால் வட்டங்கள் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மெழுகு உருகித் தாளுக்குள் இறங்கிவிடும். வட்டத்துக்கு உள்ளே ஊற்றியது வெளியே போகாது. கூழில் கலந்த செல்களை வட்டத்துக்குள் விட்டால், தாளின் நாருக்கு நடுவே அடுக்கடுக்காக, கட்டி போலவே வளரும். பிறகு மருந்து. கடைசியில் ஒரு சாயம். உயிரோடு இருக்கும் செல் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும், செத்தது இருட்டாகக் கிடக்கும். அவ்வளவுதான் சோதனை.

இஸ்திரிப் பெட்டி என் யோசனை. விடுதி அறையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவன் ஆவுடையப்பன். எங்கள் முதல் கட்டுரை வெளிவந்தபோது அதில் அவன் பெயர் இருந்தது, எங்கள் பேராசிரியர் பெயர் இருந்தது. அதன் பிறகு அவன் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்துக்குப் போனான். நான் பாளையங்கோட்டைக்கு வந்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவன் வெளியிட்டதுதான் எல்லாரும் கொண்டாடுகிற கட்டுரை. தட்டில் சாகிற செல், தாளில் வளர்ந்தால் அதிகபட்ச மருந்தையும் தாங்குகிறது என்று. பல மருந்துகளை அந்தக் கட்டுரையைக் காட்டியே ஓரம்கட்டினார்கள். படித்த அன்றே பொய் என்று எனக்குத் தோன்றியது. அவன் பொய் சொல்லிப் பழகியவன்.

ஜூலை 10, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. வயர்தான்.

ஜூலை 14, திங்கள்

நாளை எஸ்தர் கோயம்புத்தூர் போகிறாள், செல்களைக் குடுவையில் எடுத்துக்கொண்டு. சோதனைக்கு மூன்று நாள் ஆகும். முடிவு பார்க்கும் அன்று நான் போய்ச் சேர்கிறேன்.

"ரெண்டு பேப்பரும் வச்சுச் செய்யி. நம்மதும், அவனதும். உன் கையாலயே செய்யி. மருந்து பாட்டில அவங்க கையில குடுக்காத" என்றேன்.

"சார், அவங்க என்ன பால்லயா தண்ணி கலக்கப் போறாங்க?"

"உனக்கு அவனத் தெரியாது."

இரவுச் சாப்பாட்டின்போது கோமதி சொன்னாள்: "இந்த வாரத்துல அவர் பேர நீங்க சொன்ன அளவுக்கு என் பேரச் சொல்லல."

"உன்னக் கூப்பிட என்ன வேலை இருக்கு, பக்கத்துலதான இருக்க."

"அதான். அவரு தூரத்துல இருக்காரு, கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க."

பெண்களுக்கு எதையும் திருப்பிப் போட்டுப் பேசத் தெரியும். மறுசோறு வாங்காமல் எழுந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி. கோயம்புத்தூர்

என்னை வாசலுக்கே வந்து அழைத்துப் போனான். தலை முழுக்க வெள்ளை. தொந்தி. நெற்றியில் விபூதி, அது அன்றிலிருந்தே உண்டு.

"ஏ பிரமு, என்னடே இப்படி ஒணங்கிப் போய்க் கெடக்க? கோமதி சோறு போடுதாளா இல்லையா?"

"சுகமாத்தான் இருக்கேன்."

"ஒரு போனு கெடையாது, ஒண்ணு கெடையாது. என்னல, செத்துட்டேன்னு நெனச்சியோ?"

பத்து ஆண்டுக்கு மேலாகப் பேசாதவனிடம் எப்படி ஒருவனால் இப்படிப் பேச முடிகிறது என்று தெரியவில்லை. நான் "சோதனையைப் பார்த்துவிடலாம்" என்றேன், எழுத்துத் தமிழிலேயே.

அப்போதே பார்க்க முடியவில்லை. புதிய வடிதாள் கட்டு வந்திருந்தது. ஆடி முதல் வெள்ளி வேறு. அவன் கட்டைப் பிரித்து மேசையில் வைத்தான். கை கழுவினான். கிண்ணத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தான். கட்டின் நான்கு மூலையிலும் விரலால் வைத்தான். கும்பிட்டான். அது காய்ந்ததும் மேல் தாளை உருவி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தான். மாணவர்கள் கைகட்டி நின்றார்கள். உலகப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடம்! என் கூடத்தில் ஆயுத பூஜைக்குக்கூடப் பொட்டு வைக்க விடமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"என்னடே மொறைக்க?" என்றான்.

"ஃபில்டர் பேப்பருக்குமா?"

"புது நோட்டுக்கு வைக்கோம், புதுக் கணக்குக்கு வைக்கோம். இதுக்கு மட்டும் என்ன? மொதக் கட்டுலேருந்து வச்சுட்டு வாரேன். ஒரு கொறையும் இல்ல. நீயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போயி ஊர்ல செஞ்சு பாரு." அந்தக் கட்டிலிருந்தே கொஞ்சம் தாளை உருவிக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தான்.

பிறகு முடிவு. எஸ்தர் நீல ஒளியைப் போட்டாள். எங்கள் தாளில் நடு வட்டங்கள் பச்சை. அங்கே மருந்து இல்லை. நான்கு மூலை வட்டங்களில்தான் மருந்து அதிக அளவு; அவை இருட்டு. அவன் கட்டுரையில் சொன்ன அமைப்பு அது, அதே மாதிரிதான் நாங்களும் செய்கிறோம்.

அவன் தாளை வைத்தாள். நடுவும் பச்சை. நான்கு மூலையும் பச்சை.

எஸ்தர் தாளைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள். அவள் கையால் ஊற்றிய செல், அவள் கையால் விட்ட மருந்து.

ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னான்: "பிள்ள, மனச விட்ராத. உங்க ஊரு பேப்பர் மட்டம். அதுல ஏதோ கெமிக்கல் இருக்கும். மருந்தோட சேர்ந்து செல்லு தாங்கல."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு டீ வாங்கி வந்தேன். சர்க்கரை அதிகம். இருவரும் குடித்தோம்.

ஜூலை 19, சனி

ரயிலில் எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். சாத்தூர் தாண்டி ஒரு முறை வாயைத் திறந்தாள்: "சார், அவர் பேப்பர்லயே முதல்லேருந்து செஞ்சிருக்கலாமோ?"

"அது வெல கூடுனதுலா. நம்மகிட்ட எங்க இருக்கு?"

"ஆறு வருஷம் தப்பான தாள்ல செஞ்சிருக்கேன். பேக்கரில ஒரு மாவு சரியில்லன்னா அவங்க மறுநாளே கண்டுபிடிச்சிருவாங்க."

தாளில்தான் ஏதோ செய்திருக்கிறான். அவள் கையால் எல்லாம் நடந்தது. அவன் தொட்டது தாள் மட்டும்தான். ஒளிரும் சாயம் எதையாவது முன்கூட்டியே தடவி வைத்திருக்கிறான். மாணவர்கள் கூடவா உடந்தை?

ஜூலை 21, திங்கள்

எஸ்தர் வரவில்லை. பெண்ணுக்குக் காய்ச்சல் என்று செய்தி. இருக்கலாம்.

கல்லூரியில் துறைத்தலைவர் பதவிக்கான சுற்றறிக்கை. என்னை விட எட்டு வருடம் இளையவர் பெயர். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஜூலை 23, புதன்

பிடித்துவிட்டேன்.

காலையில் அவன் கொடுத்த தாளில் ஒன்றை எடுத்தேன். மெழுகு இல்லை, செல் இல்லை, மருந்து இல்லை, சாயம் இல்லை. வெறும் தாள். கண்ணுக்குச் சுத்தமான வெள்ளை. நீல ஒளியில் வைத்தேன். நான்கு மூலையும் பச்சையாக எரிந்தது.

வெறும் தாள்! செல்லே இல்லாமல் உயிர்! உட்கார்ந்துவிட்டேன். அடுத்த தாள், அதற்கடுத்தது. கீழே போகப் போகக் கொஞ்சம் மங்கல், ஆனால் எல்லாவற்றிலும் மூலைகள். செல் இல்லாத வட்டம் ஒன்றை, ஒப்பிட்டுப் பார்க்க, அவன் அமைப்பிலும் வைக்கிறான். அது ஓரத்தின் நடுவே இருக்கிறது, மூலையில் இல்லை. தந்திரத்தைப் பாருங்கள்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். நன்றாக வந்தது. இத்தனை வருடம் மனதில் ஓட்டிப் பார்த்த வாக்கியங்கள், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. "முனைவர் ஆவுடையப்பன், தாம் பயன்படுத்தும் தாளின் நான்கு மூலைகளிலும் ஒளிரும் பொருளை முன்கூட்டியே தடவி" என்று எழுதினேன்.

அங்கே நின்றுவிட்டது.

தடவினான்தான். நான்கு மூலையிலும். என் கண் முன்னாலேயே தடவினான். கை கழுவிவிட்டு, கும்பிட்டு. தடவியதை என் பையிலும் போட்டு அனுப்பினான்.

மஞ்சள்.

வடிதாள் உறிஞ்சுவதற்கென்றே செய்த தாள். மேலே வைத்த மஞ்சள் நீர் கட்டு முழுக்க இறங்கியிருக்கிறது. நிறம் தெரிகிற மேல் தாள் பிள்ளையாருக்குப் போய்விடுகிறது. கீழே உள்ளவற்றில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நீல ஒளிக்குத் தெரியும். நீராவியில் வேக வைத்துக் கிருமி நீக்கினாலும் மஞ்சள் கறை போகாது, துணியிலிருந்தே போகாது. செல்கள் மருந்தில் சரியாகவே செத்திருக்கின்றன, அவன் தாளிலும். மூலையில் ஒளிர்ந்தது செல் இல்லை.

சரிபார்க்க வேண்டுமே. மதியம் வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் எடுத்தேன்.

"அது எதுக்கு?" என்றாள் கோமதி.

"ஆய்வுக்கு."

"பூஜை பண்ண ஆரம்பிச்சுட்டீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

குழைத்து எங்கள் தாள்கட்டில் நான்கு மூலையிலும் வைத்தேன். வாழ்நாளில் முதல் முறை. காய்ந்ததும் மேல் தாளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை ஒளியில் வைத்தேன். அதே பச்சை.

எழுதி வைத்ததை அழித்தேன். திருப்பிப் படிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

அவன் பொய் சொல்லவில்லை.

நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் ஏழு தோசை சாப்பிட்டேனாம். கோமதி எண்ணியிருக்கிறாள். "என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா, பிழைச்சுட்டாங்களா?" என்றாள். எஸ்தருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அதுதான் சந்தோஷம் என்றேன். அதுதான்.

எஸ்தரை அழைத்து ஒளியில் காட்டினேன். முதலில் புரியவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

"எங்க வீட்டுல சாம்பார்ல போடுறது சார் இது!"

"அதேதான்."

"அப்ப நம்ம பேப்பர் மட்டம் இல்ல."

"மட்டம்தான். ஆனா பொய் சொல்லல."

அவளே கூட்டிப்பெருக்கிவிட்டு உடனே சோதனையைத் தொடங்கினாள். மஞ்சள் வைத்த தாள், வைக்காத தாள், செல் உள்ளது, இல்லாதது, எல்லாம் முறையாக. ஆவுடையப்பன் கட்டுரையில் மூலைகளின் பச்சை தாளுக்குத் தாள் கூடிக் குறைவதற்கு மூன்று பக்கம் விளக்கம் உண்டு, கட்டியின் குணம் என்று. தாள்கட்டுக்குள் மேலே இருந்த தாளா, கீழே இருந்த தாளா என்பதுதான் அந்தக் குணம்.

ஜூலை 26, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மைத்துனன் வந்தான், என் நாற்காலியில் உட்கார்ந்தான். போகட்டும்.

ஜூலை 30, புதன்

கூட்டம் பதினோரு மணிக்கு. ஆவுடையப்பன் காலையிலேயே வந்துவிட்டான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எஸ்தர் விளக்கைப் போட்டு அவன் முகம் மாறுவதைப் பார்க்கலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். அதற்கான உரிமை எனக்கு உண்டு. ஆனால் வாசலில் அவனைப் பார்த்ததும் "ஏல, இங்க வா" என்று இருட்டு அறைக்குக் கூட்டிப் போனேன்.

"என்னடே, கொல்லப் போறியா?"

"ஒன் பேப்பர்தான் இது. ஒண்ணும் போடல. பாரு."

விளக்கைப் போட்டேன். அவன் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. ஒரு சாதாரண மனிதனுக்கு நான் எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்திருக்கும். அவனுக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. தன் வலது கை விரலை எடுத்து ஒளியில் நீட்டிப் பார்த்தான்.

"பன்னெண்டு வருஷம்டே" என்றான்.

"ம்."

"எங்கிட்ட படிச்சதுங்க எல்லாம் இத வச்சுத்தான் வேலைக்குப் போயிருக்கு." பிறகு ஒரு மாதிரிச் சிரித்தான். "கவுத்துட்டாரே பிள்ளையாரு."

"அவர ஏன் சொல்லுத? வச்சது நீ."

"ஆமா, நீதான் பொட்டு வைக்க விடமாட்டியே." சுவரில் சாய்ந்துகொண்டான். "நான் வேணும்னே செஞ்சேன்னுதான நெனச்ச?"

நான் தாளை எடுத்து உறையில் போட்டேன்.

"நெனச்சிருப்ப. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன், ஒனக்கு நான் செஞ்சதுக்கு." குரல் இறங்கியது. "இப்ப நேரா உள்ள போயிச் சொல்லிருக்கலாம்லா? எதுக்குடே எங்கிட்ட மொதல்ல காட்டுன?"

"கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றேன்.

உள்ளே எஸ்தர் பேசினாள். தெளிவாக, ஒரு இடத்திலும் குரல் உயராமல். ஆவுடையப்பன் எழுந்தான். "இந்தப் பிள்ள சொல்லுதது சரி. தப்பு என் லேப்ல. கட்டுரைய நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்" என்றான். தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார். "எம்மா எஸ்தர், ஆய்வேட்ட எப்பக் குடுக்க?" என்று கேட்டார்.

"செப்டம்பர்ல சார்."

"குடு, குடு. நீ குடுக்காம யாரு குடுப்பா."

அவள் கணவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையத் தேங்காய் பன் அனுப்பியிருந்தார். முடிவு தெரிவதற்கு முன்பே சுட்டிருக்கிறார். ஆவுடையப்பன் மூன்று தின்றான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அவன் போன் செய்தான். பத்திரிகைக்கு எழுதிவிட்டானாம். முறைப்படி கட்டுரையை நீக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அதுவரை அதை நம்பி எத்தனை பேர் நல்ல மருந்தைத் தூக்கி ஓரமாக வைப்பார்களோ. மும்பையில் ஒரு மருத்துவமனை நோயாளிகளின் மருந்தையே இப்படித் தாளில் சோதித்துத் தேர்வு செய்யலாம் என்று பார்க்கிறதாம், அவன் கட்டுரையை வைத்து.

"கட்டுரைகளப் பத்திக் கருத்துச் சொல்லுத வெப்சைட்டு இருக்குல்லா, அதுல இன்னைக்கே போட்ரு. ஒன் பேரப் போட்டுப் போடு. கீழ நான் வந்து ஆமான்னு எழுதுதேன்."

"ம்."

"பிரமு, அந்த மொதக் கட்டுரைல ஒன் பேரு... நம்ம சார்தான் எடுத்தாரு. நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். இதுலயாவது ஒன் பேரு வரட்டும். எல்லாரும் படிப்பாங்கடே."

அவன் பக்கம் பேருந்து ஹாரன் கேட்டது.

"கோமதியக் கூட்டிட்டு ஒரு தடவை வா" என்றான்.

"பாப்போம்" என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் எழுதி முடித்தேன். வரிகள் அதிகம் இல்லை. இன்ன கட்டுரையில் பயன்பட்ட தாளில் மஞ்சள் பட்டிருக்கிறது. அது நீல ஒளியில் உயிருள்ள செல்லைப் போலவே ஒளிரும். உங்களிடம் அந்தத் தாள் இருந்தால் எதுவும் போடாமல் ஒளியில் வைத்துப் பாருங்கள். புதுத் தாளுக்கு மஞ்சள் வைக்கும் வழக்கம் உள்ள கூடங்கள் அனைத்தும் பார்த்துக்கொள்க. செல் இல்லாத வட்டத்தை மூலையிலும் வையுங்கள். தவறு வேண்டுமென்றே நடந்ததில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். எடுத்தேன். மறுபடி சேர்த்தேன்.

கோமதி பின்னால் நின்று படித்தாள். "பேரு போடலையா? இவ்வளவு நாளும் அதுக்குத்தான குதிச்சீங்க?"

கணினியில் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். பட்டங்களையும் சேர்த்து. நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் என் பெயரைப் பார்த்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பழைய பகையாம், இஸ்திரிப் பெட்டிச் சண்டையாம், மாணவியை ஏவிவிட்டானாம். ஒருவரும் தாளை எடுத்து ஒளியில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். செப்டம்பரில் எஸ்தர் ஆய்வேட்டைக் கொண்டுபோனால் அதில் என் கோபத்தைத் தேடுவார்கள். அவன் வாசலிலும் போய் நின்று, எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள்.

"பேரு போட்டா நூறு பேரு போன் பண்ணுவான். யாரு பேசுதது?" என்றேன்.

"சரிதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

பெயரை அழித்துவிட்டேன். கட்டம் காலி. காப்பி வந்ததும் ஏற்றிவிடுவேன், இப்படியே.